கடலில்லா ஊரில் கப்பல் வளர்க்கலாம்

வேலூரைப் பற்றிப் பழைய கிண்டல் ஒன்று உண்டு: மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில். 1981-இல் ஜலகண்டேஸ்வரர் மறுபடி கோட்டைக் கோயிலுக்குள் வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. கிண்டலில் பாதி செல்லாக்காசு. குறைந்ததை ஈடுகட்ட நான் ஒன்று சேர்த்திருக்கிறேன்: கடலில்லா ஊரில் கப்பல். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏழு மரக்கப்பல்கள் நிற்கின்றன.

வருகிறவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். தண்ணீரில் விட்டால் மிதக்குமா? எவ்வளவு ஆச்சு? எங்கே கிடைக்கும்? மிதக்காது. சொல்ல மாட்டேன். பல இடங்களில். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்பதில்லை: இதை எங்கே வைப்பது? மாதிரிக் கப்பல்கள் கெட்டுப்போவதை நான் பார்த்த வரை, காரணம் தூசு, வெயில், பல்லி, அப்புறம் நல்லெண்ணத்தோடு துடைக்கிற ஈரத்துணி. அதனால் இந்த வழிகாட்டி கடையில் தொடங்காது, உங்கள் வீட்டுச் சுவரில் தொடங்கும்.

இடம் முதலில்

டேப்பை எடுங்கள். டிவி ஷோகேஸின் ஆழம் பல வீடுகளில் 30 செ.மீ. அளவில் இருக்கும். "கப்பல் உடம்பு 16 செ.மீ. அகலம்தானே, தாராளமாக நிற்கும்" என்று கணக்குப் போட்டுத்தான் என் முதல் கப்பலில் நான் மாட்டிக்கொண்டேன். பாய்மரத்தில் குறுக்கே கிடக்கிற கட்டைக்குப் பருமல் என்று பெயர். பெரிய கப்பல்களில் அது உடம்பின் அகலத்தைப் போல இருமடங்குகூட நீளும். அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மரம் நீளத்தைக் கூட்டும். மூன்று பாய்மரக் கப்பல் என்றால், மொத்த நீளத்தில் முக்கால் பங்கு உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். என் முதல் கப்பல் ஷோகேஸுக்குள் நுழையவில்லை. ஆறு மாதம் பீரோ மேல் கிடந்தது, அங்கேயே ஒரு பருமலும் ஒடிந்தது.

மேற்குப் பார்த்த சுவரை விட்டுவிடுங்கள். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. மாலை வெயில் வாங்கிய சுவர் ராத்திரி பத்து மணி வரை கணகணவென்று இருக்கும். மரம் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். அதனால்தான் சூட்டில் காய்ந்த கப்பலில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே கோடு விழுகிறது. நேர் வெயில் பட்டால் பாய்த்துணியும் நூலும் வெளுத்து, இற்றுப்போகும். சமையலறைப் புகை வருகிற இடமும் ஆகாது. எண்ணெய்ப் பிசுக்கில் தூசு ஒட்டினால் நூலை அறுக்காமல் எடுக்க முடியாது. ஏசி காற்று நேராக அடிக்கிற இடமும் வேண்டாம்.

இடம் முடிவானதும் பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, வாங்க நினைக்கிற கப்பல் அளவுக்கு ஒரு கூடு ஒட்டி, ஒரு வாரம் அங்கே வையுங்கள். ஜன்னல் திறக்க இடிக்கிறதா, பிள்ளைகளின் பந்து போகிற வழியா என்று தெரிந்துவிடும். உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே தளம் தெரிகிற உயரம்தான் சரி.

விகிதம் என்கிற சின்னக் கணக்கு

1:100 என்றால் நிஜத்தில் ஒரு மீட்டர், மாடலில் ஒரு சென்டிமீட்டர். லண்டன் கிரீனிச்சில் நிற்கும் கட்டி சார்க் என்ற தேயிலைக் கப்பல் முனைக்கு முனை சுமார் 85 மீட்டர், எனவே 1:100 மாடல் 85 செ.மீ. வரும். பழைய மாடல்காரர்களுக்குப் பிடித்தது 1:48, அதாவது ஓர் அடிக்குக் கால் அங்குலம். அதில் பாதி 1:96. வீட்டுக்கு இந்த 1:96, 1:100 பக்கமே வசதி.

விற்பவரிடம் விகிதம் கேளுங்கள். "பெரிய சைஸ் சார்" என்று பதில் வந்தால் அது அலங்காரப் பொருள். அலங்காரப் பொருளாக வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அந்த விலைக்குத்தான் வாங்க வேண்டும். சொன்ன விகிதத்தைச் சரிபார்க்கவும் வழி உண்டு. 1:100-இல் ஓர் ஆளின் உயரம் 17 மி.மீ.தான், அப்படியானால் கதவு 2 செ.மீ. அளவில் இருக்க வேண்டும். பாய்மரத்தின் இரு பக்கமும் ஏறும் கயிற்று ஏணியில் படிக்குப் படி நிஜத்தில் 35 முதல் 40 செ.மீ. இருக்கும், மாடலில் 4 மி.மீ. அந்த இடைவெளி ஒரு சென்டிமீட்டர் என்றால், பாவம், மாலுமி ஒரு மீட்டர் காலை எட்டி வைத்து ஏற வேண்டும்.

உடம்பு எப்படிச் செய்தது

மூன்று வகை. ஒரே கட்டையைச் செதுக்கியது, அல்லது பலகைகளை அடுக்கி ஒட்டிச் செதுக்கியது. அடுத்தது, நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு பலகையும் அதில் குறுக்கே தடுப்புகளும் நிறுத்தி, மேலே மெல்லிய மரப்பட்டிகளை வளைத்து ஒட்டியது. பெட்டியில் வருகிற செய்முறைத் தொகுப்புகள் பெரும்பாலும் இந்த ரகம். மூன்றாவது, ஏரா என்கிற அடிக்கட்டையைப் போட்டு, நிஜக் கப்பல் போலவே வங்குகளை, அதாவது விலா எலும்பு மாதிரி வளைந்த சட்டங்களை, ஒவ்வொன்றாக எழுப்பிக் கட்டியது. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கடற்படைக்காகச் செய்த மாடல்களில் கீழ்ப்பகுதிக்குப் பலகையே அடிக்காமல் வங்குகள் தெரிய விட்டிருப்பார்கள், பார்க்கக் கண் போதாது. முதலில் வாங்குகிறவருக்கு நடு ரகம் போதும்.

ஒரு ஏமாற்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். கட்டையைச் செதுக்கிவிட்டு மேலே பேனாவால் பலகைக் கோடு இழுப்பது. அணியத்தைப் பாருங்கள். நிஜமாகப் பலகை ஒட்டியிருந்தால் முன்னால் போகப் போக ஒவ்வொரு பலகையும் ஒடுங்கும், இல்லாவிட்டால் வளைவில் அடங்காது. கோடு போட்டதில் கடைசி வரை ஒரே அகலம்தான்.

எந்தக் கப்பல்

எல்லாரும் விக்டரியில் தொடங்க ஆசைப்படுகிறார்கள். 1765-இல் கடலில் இறங்கி, 1805-இல் டிரஃபால்கர் போரில் இங்கிலாந்துக் கடற்படைத் தளபதி நெல்சனைச் சுமந்த கப்பல், இன்றும் போர்ட்ஸ்மவுத்தில் பார்க்கலாம். 104 பீரங்கி, மூன்று பாய்மரம், கணக்கில்லாத கயிறு. இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தால் விலை நம்மால் ஆகாது. மலிவாகக் கிடைத்தால் எதையெல்லாமோ விட்டுவிட்டார்கள் என்று பொருள். ஒற்றைப் பாய்மரமோ இரட்டைப் பாய்மரமோ உள்ள சின்னப் படகை நன்றாகச் செய்தது கிடைத்தால், அதே காசுக்கு அதுதான் சரி என்பது என் கட்சி.

நம் பக்கத்துக் கடல்களிலேயே ஆள் குறைவில்லை. கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் பேப்பூரில் உரு என்கிற பெரிய மரக்கலங்களைக் கட்டுகிறார்கள், அதே ஊர்க் கைவினைஞர்கள் சின்ன உருக்களும் செய்து விற்கிறார்கள். மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தூத்துக்குடித் தோணி அருமையான மாடல். டிரிங்கோமலி என்ற போர்க்கப்பல் தேக்கில் பம்பாயில் கட்டி 1817-இல் இறக்கியது, இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. வ.உ.சி.யின் காலியா, லாவோ இரண்டும் நீராவிக் கப்பல்கள், 1907-இல் தூத்துக்குடிக்கு வந்தவை. இவற்றில் ஒன்றைச் சொல்லிச் செய்யச் சொல்வதானால் வரைபடம் எதைப் பார்த்து என்று கேளுங்கள். ஏதோ ஒரு நீராவிக் கப்பலில் "காலியா" என்று பெயர் எழுதி ஒட்டினால் அது காலியா ஆகாது.

கையில் உளி பிடிக்க ஆசை இருந்தால் கட்டுமரத்தில் தொடங்குங்கள். ஆங்கிலத்தில் கேட்டமரான் என்று போன சொல்லே நம்முடையது. வங்கு இல்லை, பலகை இல்லை. மரவாடியில் கழிவாகக் கிடைக்கும் மலைவேம்புத் துண்டுகளை முன்பக்கம் கொஞ்சம் மேலே வளைகிற மாதிரி செதுக்கி, உப்புத்தாள் போட்டு, இரண்டு இடத்தில் நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். பசை கூடாது. நிஜத்தில் அதைக் கயிற்றால்தான் கட்டுகிறார்கள், வேண்டும்போது பிரித்துக் காயவைக்கிறார்கள். என் ஏழில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கட்டுமரம்தான். வருகிறவர்கள் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கடையில் நின்று பார்ப்பது

அவசரப்படாதீர்கள். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தாலும் குடித்துவிட்டு நிதானமாகப் பாருங்கள்.

முதலில் நேர் முன்னால் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். பாய்மரங்கள் ஒன்றின் பின் ஒன்றாக ஒரே கோட்டில் மறைய வேண்டும். இடமோ வலமோ சாய்ந்திருந்தால் கயிறு ஒரு பக்கம் அதிகமாக இழுக்கிறது என்று அர்த்தம், போகப் போகக் கூடும். பக்கவாட்டில் பார்க்கும்போது சில பாய்மரங்கள் பின்னால் சாய்ந்திருக்கும், அது பிழை அல்ல, பல கப்பல்களின் அமைப்பே அப்படி.

அடுத்தது கயிறு. ஒரு மாடலைக் கயிற்றை வைத்தே எடைபோட்டுவிடலாம். நிஜக் கப்பலில் பாய்மரத்தை அசையாமல் பிடித்து நிறுத்தும் கயிறுகளுக்குத் தார் பூசுவார்கள், அவை கறுப்பாகத் தெரியும். பாயை ஏற்றி இறக்கவும் பருமலைத் திருப்பவும் உதவும் கயிறுகள் கையில் ஓடிக்கொண்டே இருப்பதால் வெளிறிய நிறம். தடிமனும் வேலைக்குத் தகுந்தபடி மாறும். நல்ல மாடலில் இந்த இரண்டு நிறமும் நாலைந்து தடிமனும் இருக்கும். எல்லாமே ஒரே வெள்ளைத் தையல் நூல் என்றால், செய்தவர் கப்பலைப் பார்த்துச் செய்யவில்லை, இன்னொரு மாடலைப் பார்த்துச் செய்திருக்கிறார். மெல்ல ஊதிப் பாருங்கள். தொய்ந்த நூல் ஆடிக் காட்டிக்கொடுக்கும். முடிச்சில் பசை உருண்டையாக நிற்கிறதா, நூலில் பஞ்சு பிரிந்து மயிர் மயிராகத் தெரிகிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். தேன்மெழுகு தடவிய நூலில் அந்த மயிர் இருக்காது.

பாய்த்துணி போர்வை மாதிரி தடிப்பாக இருந்தால் எனக்குப் பிடிக்காது. அதற்குப் பாயே கட்டாமல் வெறும் பாய்மரத்தோடு நிற்கிற கப்பல் எவ்வளவோ மேல், பல சேகரிப்பாளர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள்.

பழைய கப்பல் என்றால் இரண்டு விஷயம். நங்கூரமும் பீரங்கியும் ஈயமாக இருந்து வெள்ளை மாவு பூத்திருந்தால் அது அரிப்பு. விரலால் தேய்க்காதீர்கள், ஈயம் விஷம். மரத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருந்தால் உளுத்திருக்கலாம். முடிந்தால் கறுப்புக் காகிதத்தின் மேல் இரண்டு நாள் வைக்கச் சொல்லுங்கள். மாவு கொட்டியிருந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது, வீட்டுக்குள் கொண்டுவந்தால் கட்டிலுக்கும் பீரோவுக்கும் பரவும்.

"நூறு வருஷம் பழசு" என்று யாராவது சொன்னால் திருப்பி அடியைப் பாருங்கள். தலையில் சிலுவை வெட்டு உள்ள திருகாணி 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. மர நாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையும் நைலான் நூலும் அதற்கும் பிந்தியவை. பாயின் பழுப்பு நிறத்தை ஒரு டம்ளர் டீத்தண்ணீரே கொடுத்துவிடும்.

மரம் என்ன மரம்

தேக்கு, பலா, வேம்பு, பைன், ரப்பர் மரம் எதுவானாலும் சரி. பாலிஷ் அடியில் கிடப்பது என்ன என்று பார்க்க, அடிப்பாகத்தில் பாலிஷ் படாத இடத்தைத் தேடுங்கள். ஆனால் "சந்தனக் கப்பல்", "செம்மரக் கப்பல்" என்று ரகசியக் குரலில் சொன்னால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருந்துகொண்டு சந்தன மரச் சட்டம் தெரியாது என்று நாம் சொல்ல முடியாது. செம்மரம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலேயே இருக்கிறது. அந்த மரத்தால் நம் மலைக்கிராமங்கள் பட்டது போதும். பில் இல்லாமல் அப்படி ஒரு பொருளைக் கூடத்தில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. தந்த வேலைப்பாடு உள்ளதற்கும் இதே பதில்தான்.

வீடு கொண்டுவருதல்

கூரியரில் ஒரு முறை வரவழைத்தேன். பெட்டியில் 'உடையும் பொருள்' என்று நாலு பக்கமும் எழுதியிருந்தது. வந்தபோது பெட்டி தலைகீழாக இருந்தது, உள்ளே மூன்று பாய்மரமும் தனித்தனியாக இருந்தன. அதிலிருந்து முடிந்தவரை நானே போய்த் தூக்கிவருகிறேன். பேப்பூர் உருவை அப்படித்தான் கொண்டுவந்தேன். கோழிக்கோட்டிலிருந்து காட்பாடிக்கு நேர் ரயில் இருக்கிறது. ராத்திரி முழுக்கக் கீழ்ப் படுக்கையில் கப்பல் படுத்திருந்தது, நான் உட்கார்ந்திருந்தேன்.

பார்சலில்தான் வர வேண்டும் என்றால், கப்பலின் பீடத்தை ஒரு பலகையில் திருகாணி போட்டு இறுக்கி, அந்தப் பலகையைப் பெட்டியின் அடியில் பொருத்தச் சொல்லுங்கள். நூல்களுக்கு நடுவே காகிதம் திணிக்கவே கூடாது, எடுக்கும்போது நூலும் சேர்ந்து வரும். பெட்டிக்கு வெளியே இன்னொரு பெட்டி, நடுவில் தெர்மோகோல். பிரிக்கும்போது வீடியோ எடுத்துவிடுங்கள்.

தூக்குவது எப்போதும் அடியில் கை கொடுத்து, இரண்டு கையால். பாய்மரத்தைப் பிடித்துத் தூக்குவது குழந்தையை முடியைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி.

கண்ணாடிப் பெட்டி

இதற்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். கப்பலுக்கு வைத்திருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது பெட்டிக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்குக் கப்பல் பாருங்கள். கொசப்பேட்டையில் எனக்கு வழக்கமாகச் செய்து தரும் ஆசாரி முதல் பெட்டிக்குக் கணக்குச் சொல்லிவிட்டு, "இன்னா சார், கப்பல் வாங்கின காசைவிடப் பெட்டிக்குக் கூட வருதே?" என்று கேட்டார். "பெட்டி இல்லன்னா ரெண்டு வருஷத்துல கப்பலே இருக்காது ஆசாரி" என்றேன். அவர் நம்பவில்லை. பல்லி கப்பலுக்குள் முட்டையிட்டிருந்ததைக் காட்டிய பிறகு நம்பினார்.

அளவு எளிது. கப்பலின் மிக நீண்ட, மிக அகன்ற, மிக உயர்ந்த இடத்தை அளந்து, ஒவ்வொரு பக்கமும் மேலேயும் 5 செ.மீ. விடுங்கள். கண்ணாடி கனம், கீறல் விழாது. அக்ரிலிக் லேசு, ஆனால் துடைக்கத் துடைக்கத் தூசை இழுக்கும். ஒரு மீட்டருக்குள் என்றால் நான் கண்ணாடிதான் சொல்வேன்.

பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டாம். புதுப் பிளைவுட்டும் எம்டிஎஃபும் சில மரங்களும் புளிப்பான ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். அடைத்த பெட்டியில் அது தங்கி, மேலே சொன்ன ஈயத்தை அரிப்பதே இப்படித்தான். அடிப்பலகைக்கு வார்னிஷ் அடித்து இரண்டு மூன்று வாரம் வெளியே ஆறவிட்டுப் பிறகு கப்பலை ஏற்றுங்கள். பின்பக்கத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவில் இரண்டு ஓட்டை போட்டு, எறும்பும் பல்லியும் போகாதபடி மெல்லிய வலை ஒட்டுங்கள். விளக்கு வேண்டுமானால் எல்இடி, அதுவும் பெட்டிக்கு வெளியே. அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி சில வார்னிஷையும் பிளாஸ்டிக்கையும் இளக்கும்.

வருஷம் முழுக்க

ஐப்பசி, கார்த்திகையில் பருத்தி நூல் இறுகும், கொடிக்கயிறு மழையில் இறுகுவது போலத்தான். சித்திரையில் தொய்யும். தொய்ந்ததைப் பார்த்து மே மாதத்தில் இறுக்கிக் கட்டினீர்களானால், அடுத்த மழையில் அது பாய்மரத்தையே வளைத்துவிடும். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

பெட்டி இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை திறக்கலாம். ஓவியம் வரைகிற மெத்தென்ற தூரிகையால் மேலிருந்து கீழே தட்டிவிட்டு, வாக்குவம் குழாயின் வாயில் வலைத்துணி கட்டி, தள்ளிப் பிடித்து இழுங்கள். வலை எதற்கென்றால், ஒடிந்து விழுந்த சின்னக் கப்பி உள்ளே போய்விடாமல் இருக்க. ஒட்டிய அழுக்குக்குக் காது குடையும் பஞ்சில் துளி எச்சில் போதும். சிரிக்காதீர்கள், அருங்காட்சியகத்தில் பழுது பார்ப்பவர்களும் அதைச் செய்கிறார்கள். தேங்காய் எண்ணெய், கண்ணாடி துடைக்கும் திரவம், ஈரத்துணி மூன்றும் கிட்டே வரக்கூடாது. பெட்டிக் கண்ணாடியைத் துடைக்கும்போதும் திரவத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள், கண்ணாடி மேல் நேராகத் தெளிக்காதீர்கள்.

ஒரு நோட்டு போட்டு, கப்பல் பெயர், விகிதம், செய்தவர், மரம், வாங்கிய தேதி, விலை, செய்த பழுது எல்லாம் எழுதி வையுங்கள். பீடத்துக்கு அடியிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள். விற்கும்போதோ பிள்ளைகள் கைக்குப் போகும்போதோ அந்தச் சீட்டு இல்லாத கப்பல் வெறும் பொம்மைதான்.

அப்புறம் ஆயுத பூஜை. வீட்டில் சக்கரம் உள்ளது, இயந்திரம் உள்ளது எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிற அம்மா, மூன்றாம் வருஷம் அன்னபூரணியின் அணியத்திலும் பெரிய பாயிலும் சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமமும் வைத்துவிட்டாள். மரத்தில் பட்டது போய்விட்டது. பாயில் பட்டது இன்றும் இருக்கிறது. இப்போதெல்லாம் பூஜைக்கு முன் நானே பெட்டியைப் பூட்டி, கண்ணாடியின் மேல்மூலையைக் காட்டிவிடுகிறேன். ஏழு பெட்டியிலும் அங்கேதான் பொட்டு.